ஒரு அடி நாலு அங்குலம்

உக்காருங்க தம்பி, தாராளமா உக்காருங்க. இந்தக் கை உங்க மேல இடிக்காது, நான் பாத்துக்கறேன். மாவுக்கட்டுங்க. மூணு வாரமாச்சு, இன்னும் மூணு வாரம் இருக்குதாம். ஏறுனதுலருந்து கையவே பாக்கறீங்க, கேக்கலாமா வேண்டாமான்னு ரோசனை பண்றீங்க. கேட்டுருங்க. எல்லாருந்தான் கேக்கறாங்க. கண்டக்டர் டிக்கெட்டுக் குடுக்கறதுக்கு முன்னாலயே கேட்டுட்டாரு.

குழில விழுந்துட்டனுங்க. கண்டக்டர்கிட்ட அவ்வளவுதான் சொன்னேன். எம்பட சம்சாரத்துகிட்டயும் அவ்வளவுதான் சொல்லிருக்கேன். உங்களுக்கு எந்த ஊருங்க? காங்கேயமா? அப்ப நல்லதாப் போச்சு. நான் நகராட்சி ஆபீஸ் ஸ்டாப்ல இறங்கிருவேன், நீங்க பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போயி வேற பஸ் ஏறுவீங்க. அப்பறம் நாம ரெண்டு பேரும் எங்க பாக்கப் போறோம்? உங்ககிட்ட முழுசாச் சொல்லலாம். யாருகிட்டயாச்சும் சொன்னாத்தான் எனக்கும் அந்த ஆபீஸ் படி ஏறுறதுக்குக் கால் வரும்.

நான் டியூசன் வாத்தியாருங்க. வீடு வீடாப் போயிச் சொல்லிக் குடுக்கறவன். இப்பச் சென்டருன்னு ஒண்ணு வெச்சிருக்கானுகளே, நாப்பது புள்ளைகள உக்கார வெச்சு ஏசியப் போட்டு, எல்லாத்தயும் தூங்க வெச்சு அனுப்பற எடம், அந்த வேலையே நமக்கு வேண்டாங்க. நான் ஒரு புள்ளைக்கு ஒரு வாத்தியார். மொபெட் எடுத்தம்னா சாயந்தரம் நாலு வீடு. தமிழு, சமூக அறிவியலு. எம்.ஏ., பி.எட். முப்பது வருசம். ஏன் சார் பள்ளிக்கூடத்து வேலைக்குப் போகலைன்னு நீங்க கேப்பீங்க. கேக்காதீங்க, அதுக்கு இந்த பஸ்ஸு பத்தாது, சென்னை பஸ்ஸுதான் ஏறோணும்.

எம்பட முறை என்னன்னு சொல்லிடறேன், அப்பத்தான் உங்களுக்குப் புரியும். ஒரு நோட்டுங்க. ஒரே நோட்டு. அதுல பன்னெண்டு கடிதம், எட்டுக் கட்டுரை. குடிநீர் வேண்டி, தெருவிளக்கு வேண்டி, நூலகம் வேண்டி, சாலையச் சீரமைக்க வேண்டி, இப்படிப் பன்னெண்டு. எந்தப் பரீட்சைன்னாலும் இந்தப் பன்னெண்டுக்குள்ளதான் வரோணும். பதிமூணாவது கடிதத்தக் கவர்மெண்டே இன்னும் கண்டுபுடிக்கலீங்க. புள்ளைக அத அப்படியே மனப்பாடம் பண்ணோணும். கமா மாறக்கூடாது. நம்ம டவுன்ல எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்த பாங்குக்குப் போனாலும் எம்பட ஏழாம் நம்பர் கடிதத்தத் தூக்கத்துல ஒப்பிக்கறவன் ஒருத்தன் இருப்பான். இந்தக் கைக்கு எக்ஸ்ரே எடுத்த தம்பியே எம்பட ஸ்டூடண்டுதான். கைய மடக்குங்க சார்னு சொல்லிட்டு, "பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர்"ங்கறான். வலியிலயும் சந்தோசமா இருந்துச்சுங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். நெசவாளர் காலனின்னு ஒண்ணு இருக்குதுங்க, இப்பத் தாண்டி வந்தமே, தண்ணித் தொட்டி, அதுக்குப் பின்னால. அங்க சுந்தரசாமின்னு ஒருத்தர், பவர்லூம் வெச்சிருக்காரு. நல்ல மனுசன். அவருக்கு ஒரே புள்ள, சுவாதிகா, பத்தாவது படிக்குது. செவ்வாய், வியாழன், சனி, சாயந்தரம் ஆறு மணிக்கு அங்க போகோணும். போனதும் ஒரு காப்பி, ஒரு தட்டுல மொறுக்கு. அந்த வீட்டுல எல்லாமே சரிங்க. ரெண்டே ரெண்டுதான் குறை. ஒண்ணு, வீட்டுக்கு நேர் முன்னால ஒரு குழி. இன்னொண்ணு, அந்தப் புள்ள.

குழி தண்ணிக் குழாய்க்குத் தோண்டுனது. தோண்டுனவன் குழாயப் போட்டான், பாதி மண்ணப் போட்டான், போயிட்டான். ரோட்டுல முக்கால் பங்க அது புடிச்சுக்குச்சு. மிச்சம் இருக்கற காப்பங்குல மொபெட்ட ஓட்டிட்டுப் போகோணும். நான் அந்த எடம் வந்ததும், "முருகா!"ன்னு ஒரு சத்தம் போடுவேன், அந்தப் பக்கம் போயிருவேன். என் சத்தங் கேட்டுத்தான் அவுங்கம்மா காப்பிக்கு அடுப்பப் பத்த வெக்கறதே.

அந்தப் புள்ள இருக்குதே, அது கேள்வி கேக்குமுங்க. சந்தேகங் கேட்டா நான் வேண்டாம்னா சொல்றேன்? இது வேற மாதிரி. உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன். பரீட்சைல கடிதம் எழுதறப்ப சொந்தப் பேரு எழுதக்கூடாது, தெரியுமில்ல? அனுப்புநர் அ.அ.அ., ஊரு ஆ.ஆ.ஆ. அப்படித்தான் போடோணும். நீங்களும் எழுதிருப்பீங்க. சிரிக்கறீங்க பாருங்க, எழுதிருக்கீங்க. கடைசில ஸ்கேல வெச்சு ஒரு கட்டம் போட்டு, உறைமேல் முகவரின்னு பெறுநர் பேர எழுதோணும். ஊரே இத எழுதிருக்குது. யாராச்சும் ஒரு கேள்வி கேட்டிருக்கானா? இது கேக்குது.

"சார், உறைன்னா கவர்தான? அப்பறம் ஏன் சார் கட்டம் போடறோம்?"

"பரீட்சைல கவரா தருவாங்க அம்மிணி? கட்டந்தான் கவரு."

"அப்ப இந்த லெட்டர யாருமே போஸ்ட் பண்ணதில்லையா சார்?"

"பரீட்சைக்கு எழுதறத எவனாச்சும் போஸ்ட் பண்ணுவானா?"

"முப்பது வருசமா எழுத வெச்சிருக்கீங்களே. ஒருத்தர் கூடவா பண்ணல?"

எத்தன புள்ளைக, எத்தன கடிதம், மனசுக்குள்ள ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். லட்சத்தத் தாண்டும்போல இருக்குது. ஒண்ணு கூடத் தபால்பெட்டியப் பாத்ததில்ல. பெருமையாத்தான் இருந்துச்சு, லட்சம் கடிதம் எழுத வெச்சிருக்கமேன்னு.

"அப்பறம் எதுக்கு சார் எழுதறோம்?"

"அஞ்சு மார்க்குக்கு. எழுது."

சரியான பதில்தானுங்களே? நீங்களே சொல்லுங்க. அவ எழுதுனா. ஆனா அடுத்த செவ்வாக்கிழமை டெஸ்ட் வெச்சேன், ஏழாம் நம்பர், சாலையச் சீரமைக்க வேண்டி. பேப்பர வாங்கிப் பாக்கறேன், எம்பட கடிதத்தயே காணோம்! அனுப்புநர் அ.அ.அ. இருக்குது, ஆ.ஆ.ஆ. வீதி இருக்குது, அதெல்லாஞ் சரி. உள்ள பாத்தா வேற என்னமோ. "குழியின் ஆழம் ஒரு அடி நாலு அங்குலம். நீளம் ஏழு அடி. நானே அளந்தேன்." ஸ்கேல எடுத்துட்டுப் போயி அளந்திருக்குதுங்க! "ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி பால்காரர் மாரப்பன் விழுந்தார், இரண்டு லிட்டர் பால் கொட்டியது. இருபதாம் தேதி இஸ்திரி வண்டியின் சக்கரம் கழன்றது. எங்கள் ஆசிரியர் இதுவரை விழவில்லை. வரும்போதெல்லாம் முருகா என்று கூப்பிட்டுத் தாண்டுகிறார். முருகன் எத்தனை நாள் தாங்குவார் என்று தெரியவில்லை."

சிரிக்காதீங்க தம்பி. பரீட்சைப் பேப்பருங்க அது. நான் சிகப்பு மையில ஒவ்வொண்ணாச் சுழிச்சேன். "அளவு தேவையில்லை." "பால்காரர் பெயர் தேவையில்லை." "கடவுளை வம்புக்கு இழுக்காதே." அஞ்சுக்கு ரெண்டு. அதுவும் அமைப்பு சரியா இருந்ததுக்குத்தான். கீழ எம்பட முத்திரையக் குத்துனேன். ரப்பர் ஸ்டாம்பு ஒண்ணு வெச்சிருக்கனுங்க. பா. தெய்வசிகாமணி, எம்.ஏ., பி.எட்., வீடு தேடி வரும் ஆசிரியர், அதுக்குக் கீழ செல் நம்பர். திருத்துன பேப்பருல எல்லாம் குத்திருவேன். அடுத்த வீட்டுக்காரங்க பாத்தாங்கன்னா ஒரு விளம்பரம் பாருங்க.

அவுங்கப்பாகிட்டயும் சொன்னேன். சுந்தரசாமிக்குக் கோவம் வந்துருச்சு. "சார், அரையாண்டுல தமிழ்ல எம்பது வரோணும். வரலைன்னா சென்டருக்கே மாத்திப் போடறேன். உங்க மேல தப்பில்லீங்க, இவ வாய் அடங்கமாட்டேங்குது"ன்னாரு. அந்த வீடு போச்சுன்னா அந்த வீதியே போச்சுங்க. எல்லாரும் எல்லாரையும் பாத்துத்தான டியூசன் வெக்கறாங்க?

அடுத்த வாரம் திங்கக்கிழமை மத்தியானம், சலூன்ல உக்காந்துருக்கேன். பாதி மொகத்துல சோப்பு. போன் வருது. ஒரு பொம்பளக் குரல்.

"நகராட்சி ஆபீஸ்லருந்து பேசறமுங்க. தெய்வசிகாமணி சாருங்களா? உங்க முத்திரை போட்டு ஒரு மனு வந்திருக்குதுங்க சார்."

சோப்ப ஒரு கைல வழிச்சுட்டு எந்திரிச்சுட்டேன். நான் எந்த மனுவும் குடுக்கலீங்களேங்கறேன். அந்தம்மா சிரிக்குது.

"ரோட்டுக் குழியப் பத்திங்க சார். ரெண்டு மார்க்குத்தான் போட்டிருக்கீங்க. எங்க இன்ஜினியர் படிச்சுட்டு, நானா இருந்தா அஞ்சும் போட்டிருப்பேன்னாரு. ஆபீஸே படிச்சுருச்சு. ஆனா அனுப்புநர் அ.அ.அ., வீதி ஆ.ஆ.ஆ.ன்னு இருக்குது. எந்த வீதின்னு மட்டும் சொல்லுங்க, நாளைக்கே ஆள் அனுப்பறம்."

அப்பத்தான் எனக்கு வெளங்குச்சு. அந்தப் புள்ள நான் திருத்துன பேப்பரையே மடிச்சு, நெசமாலுமே ஒரு கவர வாங்கி, தபால்பெட்டில போட்டிருக்குது! எம்பட சிகப்பு மையி, எம்பட ரெண்டு மார்க்கு, எம்பட செல் நம்பரு, எல்லாத்தோடயும்.

நீங்க என்ன பண்ணிருப்பீங்க? வீதியச் சொல்லிருப்பீங்க. ரெண்டே வார்த்தை. நான் என்ன சொன்னேன் தெரியுங்களா?

"அது எந்த வீதியும் இல்லீங்க. அது கற்பனைங்க. பரீட்சைக்கு எழுதுனது."

"குழி?"

"குழியும் கற்பனைங்க."

"ஒரு அடி நாலு அங்குலம்னு அளந்து எழுதிருக்குதுங்களே சார்?"

"அந்தப் புள்ளைக்குக் கற்பனை சித்த ஜாஸ்திங்க."

அந்தம்மா, "ஓ, சரிங்க சார்"னு சொல்லி வெச்சுருச்சு. அந்த "ஓ" இன்னும் எனக்குக் காதுல கேக்குதுங்க.

ஏன் சொன்னேன்னா, பயந்தான். கவர்மெண்டு ஃபைல்ல ஒரு பேரு ஏறுச்சுன்னா இறங்காதுன்னு எங்கய்யன் சொல்லுவாரு. நாளைக்குக் காண்ட்ராக்ட்காரன் வந்து எவன்டா எழுதுனதுன்னு கேட்டா? சாதுவா ஒரு பொழப்பு ஓடிட்டிருக்குது, எதுக்கு வம்பு? வேற ஒண்ணுமில்லீங்க. அந்த இன்ஜினியர் அஞ்சு போடுவேன்னாருன்னு சொல்லுச்சே, அதுக்கெல்லாம் நான் கோவப்படறவன் இல்ல. இன்ஜினியருக்குத் தமிழ்ல மார்க்குப் போட என்னங்க தெரியும்? சிமெண்டு எத்தன மூட்டைன்னு கேட்டா சொல்லுவாரு. அஞ்சாம்! முழு மார்க்காம்! முப்பது வருசத்துல கடிதத்துக்கு நான் யாருக்குமே அஞ்சு போட்டதில்ல, நாலரைதான். சரி, அத விடுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல.

என்ன ஸ்டாப்பு இது? சந்தையா? இன்னும் இருக்குது, இன்னும் இருக்குது.

செவ்வாக்கிழமை போறேன். வாசல்லயே நிக்குது அந்தப் புள்ள. மொகமெல்லாம் சிரிப்பு. "சார், நான் போஸ்ட் பண்ணிட்டேன்!"ங்குது. நான் ஒண்ணுந் தெரியாதவனாட்ட, எதைங்கறேன். "ஏழாம் நம்பர் சார். நீங்க திருத்துனதையே அனுப்பிட்டேன், அப்பத்தான் தப்பெல்லாம் எதுன்னு அவுங்களுக்கும் தெரியும்." எப்படி ஒரு நேர்மை பாருங்க. பேரு ஊரு போடாம எதுக்கு அனுப்புனேன்னு கேட்டேன். "நீங்கதான சார் சொன்னீங்க, பேரு ஊரு எழுதுனா பேப்பரே செல்லாதுன்னு?" சொன்னேந்தான். அந்த விசயத்துல எம்பட பேச்ச ஒரு எழுத்துக் கூட மீறல.

அப்பறம் ஒவ்வொரு நாளும் இதே கேள்விதானுங்க. "சார், இன்னிக்குப் போய்ச் சேந்திருக்குமா? சார், படிச்சிருப்பாங்களா? சார், அளக்க வருவாங்களா?" ரோட்டுல ஒரு லாரிச் சத்தங் கேட்டா எந்திரிச்சு சன்னலுக்கு ஓடும். நான் பாடத்தப் பாரு, பாடத்தப் பாருன்னு அதட்டுவேன். மொறுக்கு ஏனோ சப்புன்னு இருந்துச்சு. எண்ணெய மாத்திட்டாங்க போல.

ஒரு மாசம் ஆச்சு. ஒரு வியாழக்கிழமை, அவ என்னக் கேக்காம நோட்ட எடுத்து உக்காந்துருக்கா. நானே கேட்டேன், என்ன அம்மிணி, லாரிச் சத்தங் கேக்குது, பாக்கலையான்னு. "இல்ல சார். நீங்க சொன்னதுதான் சரி. லெட்டரெல்லாம் மார்க்குக்குத்தான்"னு சொல்லிட்டு, ஏழாம் நம்பர எழுதிக் காட்டுனா. எம்பட கடிதம். கமா மாறல. புள்ளி மாறல. கட்டம் ஸ்கேல வெச்சுப் போட்டிருக்குது.

அன்னிலருந்து அந்தப் புள்ள மாறிப்போச்சுங்க. ஒரு கேள்வி இல்ல. ஏன் சார் இல்ல, எதுக்கு சார் இல்ல. சொன்னத எழுதும், எழுதுனத ஒப்பிக்கும். சுந்தரசாமி வாசலுக்கே வந்து கும்புடறாரு. "சார், இப்பத்தான் புள்ள அடங்கிப் படிக்கறா. பன்னெண்டாவது முடியற வரைக்கும் நீங்கதான் வரோணும்." அந்த வீதில இன்னும் ரெண்டு வீடு கேட்டு வந்தாங்க. எனக்கு என்னங்க குறை? நான் ஆசப்பட்டது பூரா நடந்துருச்சு. ஒரு மணி நேரப் பாடம் நாப்பது நிமிசத்துல முடிஞ்சுரும். மிச்சம் இருவது நிமிசம் நானும் அவளும் கடிகாரத்தப் பாத்துட்டு உக்காந்துருப்பம். ஒரு நாள் நானே, "என்ன, கேள்வி ஒண்ணும் இல்லையா?"ன்னு கேட்டுட்டேன். இல்ல சார்ங்குது.

அப்பறம் மழை வந்துச்சு. குழி நெறையத் தண்ணி. எது ரோடு, எது குழின்னு தெரியல. நான் வழக்கம்போல "முரு"ன்னு ஆரம்பிச்சேன், "கா" சொல்றதுக்குள்ள உள்ள இருக்கேன். மொபெட் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நோட்டுப் பை ஒரு பக்கம். சத்தம் பாதில நின்னுபோச்சுன்னதும் அவுங்கம்மா அடுப்ப அணச்சுட்டு ஓடியாந்துட்டாங்க. ஆனா மொதல்ல வந்தது அந்தப் புள்ளதான். மழையில எறங்கி என்னத் தூக்குது. அழுகுது. எதுக்கு அழுகறே அம்மிணி, கைதான போச்சுன்னு நான் தேத்தறேன்.

அப்பச் சொல்லுச்சுங்க ஒரு வார்த்தை. "சார், நீங்க சொன்ன மாதிரியே எழுதி அனுப்பிருந்தா அவுங்க வந்திருப்பாங்க. நான் தப்பா எழுதுனதால யாருமே படிக்கல. என்னாலதான் நீங்க விழுந்துட்டீங்க."

தம்பி, கை ஒடஞ்ச வலி எனக்கு அப்ப வரவே இல்ல. ராத்திரிதான் வந்துச்சு. அந்த நேரத்துல இது மட்டுந்தான் வலிச்சுது.

சொல்லிருக்கலாம். அங்கயே, தண்ணிக்குள்ள உக்காந்துட்டே சொல்லிருக்கலாம். படிச்சாங்க கண்ணு, ஆபீஸே படிச்சுது, இந்தப் பாவிதான் குழியே இல்லைன்னு சொன்னேன்னு. வாய் வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள சுந்தரசாமி ஆட்டோ கொண்டாந்துட்டாரு.

அந்த நோட்டு இருக்குதே, பன்னெண்டு கடிதம், அது தண்ணில ஊறி நைஞ்சு போச்சுங்க. முப்பது வருசம். மையெல்லாம் ஒண்ணாக் கலந்து, எது குடிநீர், எது தெருவிளக்குன்னு தெரியல. கட்டுப் போட்டுட்டு வீட்டுல படுத்துட்டு, கைய விட அதுக்குத்தான் நான் விசனப்பட்டேன். பத்து நாள் கழிச்சு அந்தப் புள்ள அவுங்கப்பாவோட வந்துச்சு, கைல ஒரு புது நோட்டு. "சார், எல்லாம் எனக்கு மனப்பாடம். எழுதிக் கொண்டாந்துட்டேன்"ங்குது. பன்னெண்டு கடிதம், எட்டுக் கட்டுரை. கையெழுத்து முத்து முத்தா. ஒரு கமா மாறல. சுந்தரசாமிக்குக் கண்ணு கலங்குது. இதான் சார் குருபக்திங்கறாரு.

அவுங்க போனதும் நான் ஏழாம் நம்பரப் பிரிச்சேன். எதுக்குன்னு தெரியல. "எங்கள் வீதியில் சாலை மிகவும் பழுதடைந்துள்ளது. பொதுமக்கள் பெரிதும் அவதிப்படுகின்றனர். ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்." அவ்வளவுதான். திருப்பிப் பாத்தேன். அடுத்த பக்கம் பாத்தேன். ஒரு அடி நாலு அங்குலம் இல்ல. பால்காரன் இல்ல. முருகன் இல்ல. அவ எழுதுனா இருக்கோணும்ல? எனக்கு ஆத்தரமா வந்துச்சுங்க. எவன்டா எழுதுனது இத, ஒரு குழி இல்ல, ஒரு ஆள் இல்ல, எந்த ஊரு ரோடு இது, எவன் இதப் படிச்சுட்டு மம்பட்டிய எடுப்பான்னு. எவன் எழுதுனான்? நாந்தான் எழுதுனேன்.

அதுக்காக எம்பட முறை தப்புன்னு சொல்ல வரலீங்க. அத நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. அமைப்பு என்னுது. அனுப்புநர், பெறுநர், பொருள், இப்படிக்கு, இதெல்லாம் நான் சொல்லிக் குடுத்ததுதான? அந்த அஸ்திவாரம் இல்லாம அவ எங்க எழுதறா? இருந்தாலும்.

நேத்து பூரா உக்காந்து நானே ஒரு கடிதம் எழுதிருக்கேன். இடது கைலங்க. முப்பது வருசம் புள்ளைக என்னப் பாத்து எழுதுச்சு, நேத்து நான் அவளுத நெனச்சு நெனச்சு எழுதுனேன். அவ எழுதுனது ஒரு வரி கூட எனக்கு மறக்கல. எப்படி மறக்கும்? ஒவ்வொண்ணையும் சுழிச்சவன் நாந்தான? கடைசில ஒரு வரி சேத்திருக்கேன், "நவம்பர் பதினெட்டாம் தேதி ஆசிரியரும் விழுந்தார்"னு. அத ஆபீஸ்ல நேர்ல குடுக்கப் போறேன். அந்தம்மாளப் பாத்து, குழி இருக்குதுங்க, நான் சொன்னதுதான் கற்பனைன்னு சொல்லப் போறேன். என்ன திட்டுனாலும் திட்டட்டும். அப்பறம் சாயந்தரம் சுந்தரசாமி வீட்டுக்குப் போயி அந்தப் புள்ளைகிட்டயும் சொல்லோணும். அவரு என்ன நிறுத்திப் போட்டாலும் போடட்டும், சென்டருக்கு அனுப்பட்டும். லாரிச் சத்தங் கேட்டா அது மறுபடி சன்னலுக்கு ஓடோணுமுங்க. "ஏன் சார்?"னு ஒருக்காக் கேக்கோணும். கேட்டுட்டா, பதில் தெரியலைன்னாலும் பரவால்ல.

இந்தாங்க, நீங்களே படிச்சுப் பாருங்க. கோணலா இருக்கும், இடது கை. தப்பு கிப்பு இருந்தாச் சொல்லுங்க, எனக்கே நான் மார்க்குப் போட முடியாது. நாலரை வருமுங்களா?

என்னங்க? ஏன் தம்பி சிரிக்கறீங்க? பால்காரனுக்கா? இல்லையா? மேலயா? அனுப்புநருக்குக் கீழயா? எங்க, குடுங்க.

அட முருகா.

அ.அ.அ. ஆ.ஆ.ஆ. வீதி. கை தானாப் போட்டிருக்குதுங்க! இடது கைக்குக் கூடப் பழகிப்போச்சு. இத அப்படியே கொண்டு போயிக் குடுத்திருந்தா அந்தம்மா என்ன நெனச்சிருக்கும்! நல்ல வேளை உங்ககிட்டக் காட்டுனேன். பேனா வெச்சிருக்கீங்களா? நீங்களே அடிச்சுட்டு மேல எழுதிருங்க தம்பி, பஸ்ஸு ஆடறதுல எனக்கு வராது. உங்க கையெழுத்தா இருந்தாலும் பரவால்ல.

பேரா? அந்தப் புள்ள பேரப் போட்டா என்னன்னு தோணுதுங்க, எழுதுனது அவதான? வேண்டாம், வேண்டாம். இல்லைன்னு சொன்ன வாய் இதுதான், என் பேரையே போடுங்க. பா. தெய்வசிகாமணி. எம்.ஏ., பி.எட். எல்லாம் வேண்டாங்க, எடம் பத்தாது. சரி, எம்.ஏ. மட்டும் போட்டுக்குங்க.

கண்டக்டர், இருங்க, இருங்க, விசில் அடிக்காதீங்க, இறங்கோணும்! கை ஒடஞ்ச ஆளு, சித்த நில்லுங்க!

வீதிங்களா? எழுதிக்குங்க தம்பி. நெசவாளர் காலனி, மூணாவது வீதி, பதினோராம் நம்பர் வீட்டுக்கு நேர் முன்னால. எழுதிட்டீங்களா? கீழ ஆழம் சரியா இருக்குதான்னு ஒருக்காப் பாத்துருங்க. ஒரு அடி நாலு அங்குலம். அதுல சந்தேகமே வேண்டாங்க. அந்தப் புள்ள அளந்தது சரிதான், நான் உள்ள போயிப் பாத்துட்டு வந்துட்டேன்.